கப்ளிங், டீகப்ளிங், ஐசொலேஷன்: சப்வூஃபருக்குக் கீழே என்ன நடக்கிறது?

தாழ்சுருதி ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபரைத் தரையில் வைப்பது பற்றிப் பேசும்போது மூன்று ஆங்கிலச் சொற்கள் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் புழங்குகின்றன. கூர்முனை ஸ்பைக் போடுவது கப்ளிங், ரப்பரோ ஃபோமோ வைப்பது டீகப்ளிங். அதையே விற்பவர்கள் ஐசொலேஷன் என்பார்கள். குழப்பம் இந்த மூன்றாவது சொல்லில்தான் தொடங்குகிறது.

கப்ளிங்கின் வேர் லத்தீனின் ‘கோபுலா’. சேர்த்துக் கட்டும் கட்டு என்று பொருள். ரயில் பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கும், பைப் கப்ளிங்கும் இதே வழி வந்தவை. தமிழில் இதற்குத் தேடி அலைய வேண்டியதில்லை, ‘பிணை’ இருக்கிறது. களத்தில் கதிரைப் போரடிக்கும்போது மாடுகளைச் சேர்த்துக் கட்டுவது பிணையல். ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகர்ந்தாக வேண்டும். இயற்பியல் கேட்கும் பொருளும் அதுவே. ஆகவே கப்ளிங் பிணைப்பு, டீகப்ளிங் பிணைப்பு நீக்கம்.

ஐசொலேஷன் வேறு வழியில் வந்தது. இத்தாலிய ‘இசோலா’, அதாவது தீவு. ‘தனிமைப்படுத்தல்’ என்று பெயர்த்தால் மருத்துவமனை வாடை அடிக்கும். ‘காப்பிடல்’ மின்கம்பிக்குப் போய்விட்டது. ‘ஒலித்தடுப்பு’ என்பதோ தப்பான வாக்குறுதி. இங்கே பொருந்துவது ‘அதிர்வுப் பிரிப்பு’. பெட்டியிலிருந்து கால் வழியாகத் தரைக்கு இறங்கும் அதிர்வை மட்டுமே இது குறைக்கும். காற்று வழியே போகும் தாழ்சுருதி ஒலி சுவரையும் தளத்தையும் நேரடியாக ஆட்டும். எந்த ரப்பர் பேடும் அதைத் தொடாது. கீழ்வீட்டுக்காரரின் புகார் பேட் வைத்த பிறகும் தீரவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கால் வழியாக எவ்வளவு இறங்குகிறது? ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பும் அதை ஆட்டும் கம்பிச்சுருளும் சேர்ந்து 150 கிராம், பெட்டி 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூம்பு 10 மி.மீ. நகர்ந்தால், கட்டில்லாமல் விட்ட பெட்டி எதிர்த்திசையில் 0.075 மி.மீ. நகரும். தலைமுடியின் தடிமன்தான். கெட்டியான கான்கிரீட் தளத்தை இது அசைக்காது. அங்கே ஸ்பைக்குக்கும் பேடுக்கும் காது கண்டுபிடிக்கும் வித்தியாசம் அரிது. மரச்சட்டங்களின் மேல் பலகை அடித்த தளம் அப்படியல்ல. அதன் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக அதிரும் வேகம், சப்வூஃபர் வேலை செய்யும் எல்லைக்குள்ளோ அதன் ஓரத்திலோ விழுவதுண்டு. அப்போது தளமே இரண்டாவது கூம்பாகி, நாற்காலி அதிரும், அலமாரி கடகடக்கும். பிணைப்பை நீக்க வேண்டிய இடம் இது. இரண்டு டிரைவர்களை (கூம்பும் சுருளும் காந்தமும் சேர்ந்த ஒலி அலகுகளை) எதிரெதிராகப் பொருத்திய பெட்டிகளில் எதிர்விசை உள்ளேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் பேடுக்கு வேலை குறைவு.

பேட் ஒரு சுருள்வில். பெட்டியின் எடையில் அது எத்தனை மி.மீ. அமுங்குகிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 16ஐ வகுத்தால் அமைப்பின் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ ஹெர்ட்ஸில் கிடைக்கும். 4 மி.மீ. அமுங்கினால் 8 ஹெர்ட்ஸ், 1 மி.மீ. என்றால் 16. இந்த எண்ணைப் போல் 1.4 மடங்கைத் தாண்டிய பிறகே பிரிப்பு தொடங்கும், அதற்குக் கீழே பேட் அதிர்வைக் கூட்டவே செய்யும். 8 ஹெர்ட்ஸ் அமைப்பில் 20 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தரைக்குப் போகும். 16 ஹெர்ட்ஸ் அமைப்பில் அதே 20 ஹெர்ட்ஸ் பேட் இல்லாததைவிட அதிகமாக இறங்கும். பேட் வாங்கி ஏமாந்தோம் என்று சொல்பவர்களில் பலர் சிக்குவது இங்கேதான்: 12 கிலோ பெட்டிக்கு 40 கிலோ தாங்கும் கெட்டி ரப்பர். ரப்பர் அதிரும்போது நிலையாக இருப்பதைவிட விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால் கணக்கில் கொஞ்சம் தாராளம் வேண்டும்.

பெட்டியின் எடையை நான்கு கால்களுக்கும் சமமாக வகுத்துவிடுவதும் சரியல்ல. ஆம்ப்ளிஃபயர் ஒரு பக்கம், டிரைவரின் காந்தம் இன்னொரு பக்கம் என்று பாரம் சரிந்திருக்கும். ஒரு பக்கத்துக் கால்களை எடைபார்க்கும் மெஷின் மேலும், மறுபக்கத்தை அதே உயரக் கட்டை மேலும் வைத்தால் அந்தப் பக்கத்துப் பாரம் தெரியும். அதற்கேற்பப் பேடைத் தேருங்கள். சோர்போதேன் (அதிர்வை உறிஞ்சும் ரப்பர் போன்ற பொருள்) போன்ற திண்ணிய வகைகள் தடிமனில் 10 முதல் 20 சதவீதம் அமுங்கினால் நல்லது. மலிவான ஃபோம் சில மாதங்களில் முழுக்க நசுங்கி, வெறும் கட்டையாகிவிடும். அவ்வப்போது தடிமனை அளந்து பாருங்கள். பெட்டியின் அடி முழுக்க ஒரே ரப்பர் ஷீட் விரிப்பதும் வீண். ரப்பரின் கன அளவு சுருங்காது, பக்கவாட்டில் பிதுங்கித்தான் அமுங்கும். பிதுங்க இடமில்லாத அகலத் துண்டு விறைத்து நிற்கும். நான்கு சிறு துண்டுகளே போதும்.

டிரைவர் கீழ்நோக்கிய பெட்டி என்றால் தரைக்கும் கூம்புக்கும் உள்ள இடைவெளியை வடிவமைப்பாளர் கணக்கிட்டே விட்டிருப்பார். பேட் போட்ட பிறகு அந்த உயரம் மாறாதபடி பழைய கால்களைக் கழற்றிவிடுங்கள்.

ஸ்பைக் எதற்கு? தடித்த கம்பளம் விரித்த கான்கிரீட்டில் பெட்டி தள்ளாடாமல் நிற்க. முனை கம்பளத்தைத் துளைத்து அடித்தளத்தைத் தொட்டால் பிணைப்பு உறுதி. மரத்தளத்தில் அதே ஸ்பைக் அதிர்வை நேராக இறக்கும், பலகையிலும் குழி விழும்.

சோதிக்க, 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சைன் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓட்டி, பெட்டிக்கு ஒரு மீட்டர் தள்ளித் தரையில் உள்ளங்கையை வையுங்கள். எந்த அதிர்வெண்ணில் கை கூசுகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, பேட் வைத்து அதே சத்தத்தில் மறுபடி பாருங்கள். கையில் அதிர்வு குறைந்தும் ஜன்னல் கடகடத்தால், அது காற்று வழி வருவது. பேடை மாற்றிப் பயனில்லை, பெட்டியை மூலையிலிருந்து நகர்த்துங்கள்.