ஏரோபிக் ஸ்கோப் – உயிர்வளி வீச்சு

செவுள் வழியாக ஒரு மீன் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்குமோ, அதிலிருந்து அசையாமல் கிடக்கும்போது உயிர் தரிக்கச் செலவாவதைக் கழித்தால் மிஞ்சுவது ஏரோபிக் ஸ்கோப். நீந்துவது, இரை செரிப்பது, வளர்வது, சினை பிடிப்பது எல்லாம் இந்த மிச்சத்தில்தான். மணிக்கு, கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவார்கள். உச்சம் 400, அடிப்படை 150 என்றால் மிச்சம் 250.

'ஏர்' காற்று, 'பயோஸ்' உயிர், 'ஸ்கோபோஸ்' இலக்கு. மூன்றும் கிரேக்கம். மீனுக்கு இந்தக் கணக்கை 1947இல் வகுத்தவர் கனடாவின் எஃப்.இ.ஜே. ஃப்ரை. 'ஸ்கோப்' என்பதற்கு அகராதியைப் பார்த்து 'நோக்கம்' என்று போட்டால் பொருளே கெட்டுவிடும். பெரும மதிப்பிலிருந்து சிறும மதிப்பைக் கழிப்பதைப் பள்ளிப் புள்ளியியல் 'வீச்சு' என்கிறது. இங்கும் அதே கழித்தல்தான். 'உயிர்வளி வீச்சு' கச்சிதமாகப் பொருந்துகிறது.

அளப்பதில்தான் பிழைகள் நுழையும். மீனை ஓரிரு நாள் பட்டினி போட வேண்டும்; செரிமானமே ஆக்சிஜன் தின்னும். மூடிய கலத்தில் விட்டு, ஆக்சிஜன் குறையும் வேகத்தைச் சில நிமிடம் அளந்து, புதுநீர் பாய்ச்சி, மறுபடி மூடி அளக்க வேண்டும். விட்டவுடன் மீன் மிரண்டு கிடக்கும். ஓர் இரவாவது பொறுக்காவிட்டால் அடிப்படை அளவு ஏறி, வீச்சு பொய்யாகச் சுருங்கும். தண்ணீரிலுள்ள பாக்டீரியாவும் மூச்சு விடும். அதைக் கழிக்க, வெறுங்கலத்தை முன்னும் பின்னும் அளப்பது கட்டாயம். உச்ச அளவுக்கு, களைக்கும்வரை துரத்திய மீனை உடனே கலத்தில் விடுவார்கள்.

பல வெப்பநிலைகளில் இப்படி அளந்து வரையும் வளைகோட்டைக் கடல்நீரின் வெப்பம், ஆக்சிஜன் வரைபடங்களோடு பொருத்தினால், எந்தப் பகுதி எந்த மீனுக்கு ஒத்துவரும் என்று கணிக்கலாம். மீன் கிடைக்கும் இடம் மாறுவதும் உண்டு: முன்பு பெரும்பாலும் மேற்குக் கரையில் கிடைத்த மத்தி 1980களின் பிற்பகுதியிலிருந்து தமிழகக் கரையிலும் ஏராளமாகப் படத் தொடங்கியது. பிடிபட்ட இடங்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு, கடல் இதுவரை காணாத வெப்பத்துக்குப் போனதும் தடுமாறும். மீனின் உடல் இயங்கும் விதத்தை அளந்து போடும் இந்த வளைகோட்டுக் கணக்குக்கு அங்கும் காரணம் தெரியும்.

ஆனாலும் வீச்சு மட்டும் போதாது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், கொடுவாவின் வீச்சு 38 டிகிரி வரை ஏறிக்கொண்டே போனது. மீன் விரும்பிய வெப்பமோ அதைவிடக் குறைவு. சினை மீனும் முட்டையும் தாங்கும் எல்லை இன்னும் குறுகல். கடலூர், புதுச்சேரிக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் இருப்பதே இனப்பெருக்கத்துக்காக. தடைக்காலத்தைத் திருத்தப் பேசுகிறவர்கள், வளர்ந்த மீனின் வளைகோட்டை மட்டும் நம்பாமல் சினை மீனையும் முட்டையையும் தனியே அளந்தாக வேண்டும்.