குளுக்கோஸ் ஏற்றவில்லை என்று கோபப்படுகிறவர்களுக்கு

"கவனிப்பு சரியில்லை. குளுக்கோஸ் பாட்டிலை மறுநாளே கழற்றிவிட்டார்கள். வலியோடு எழுப்பி நடக்க வைத்தார்கள்."

போன வாரம் டிஸ்சார்ஜ் ஆன ஒருவரின் கருத்துப் படிவத்தில் இருந்தது. மாமியார் சொல்லச் சொல்ல மகன் எழுதியிருக்கிறார். ஃபைப்ராய்டு கட்டிக்காக வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்திருந்தோம். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, மூன்றாம் நாள் தானாக நடந்துபோய் ஆட்டோவில் ஏறினார். இந்த மாதம் இப்படி வந்த நாலாவது படிவம் இது.

அவர்கள் குறை என்று எழுதியது எல்லாமே நாங்கள் வேண்டுமென்றே செய்த வைத்தியம். 1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் குடல் அறுவை நோயாளிகளிடம் தொடங்கிய முறை. 2016இல் கர்ப்பப்பை போன்ற பெண் உறுப்புகளின் அறுவைக்கும், அவற்றின் புற்றுநோய் அறுவைக்கும் இதில் தனி வழிகாட்டுதல் வந்துவிட்டது. சீக்கிரம் சாப்பாடு, சீக்கிரம் நடை, தேவைக்கு மேல் டியூப் கிடையாது. அவ்வளவுதான்.

சரி, ஆபரேஷன் முடிந்ததும் தண்ணீர் குடிக்கலாமா என்ற பயத்துக்கு வருவோம்.

அந்த நோயாளிக்கு அன்று மாலையே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், தாங்கினால் இட்லி என்று எழுதிவிட்டுத்தான் போனேன். காலையில் ரவுண்ட்ஸ் வந்தால் உதடு வெடித்துக் கிடக்கிறது. வெந்நீர் ஃபிளாஸ்க் கட்டிலுக்கு அடியில். "தண்ணி குடிச்சா தையல்ல சீழ் வெச்சிடும்ல டாக்டரம்மா?" என்கிறார் மாமியார். வைக்காது அம்மா. குடிக்கிற தண்ணீர் குடலுக்குப் போகிறது, தையலுக்குப் போவதில்லை. சீழ் பிடிப்பது கிருமியால். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, ரத்தசோகை, புகையிலை இதெல்லாம் அதற்கு வழி விடும், தண்ணீர் விடாது. இன்னும் ஒரு கேள்வி கேட்கிறேன்: நீங்கள் விரும்பிக் கேட்கிற குளுக்கோஸ் பாட்டிலில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் தண்ணீர்தான்! ஊசி வழியாகப் போனால் பிடிக்காத சீழ், வாய் வழியாகப் போனால் மட்டும் எப்படிப் பிடிக்கும்? அளவுக்கு மேல் ஏற்றினால் உடம்பு வீங்கும், குடலும் வீங்கி மந்தமாகும். வாயு பிரிந்த பிறகுதான் சாப்பாடு என்பதும் பழைய கணக்கு. சாப்பிட்டால் குடல் அசையும்.

குற்றம் எங்கள் பக்கமும் உண்டு. 1946இல் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவத்தில் மயக்கம் கொடுத்த பெண்களுக்கு வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும் ஆபத்தை விவரித்தார். பயம் நியாயமானது. ஆனால் அது 'ராத்திரி 12 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது' என்று இறுகிப்போனது. மதியம் 2 மணி ஆபரேஷனுக்கும் அதே உத்தரவை இன்றும் பழக்கத்தில் எழுதுகிறோம். இன்றைய விதி: திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பு வரை, தெளிந்த நீர் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை. பால் காபி தெளிந்த நீர் இல்லை! சர்க்கரை நோயோ எதுக்களிப்போ இருந்தால் மயக்க மருத்துவர் சொல்வதே முடிவு. அவரிடம் மறைத்து எதையும் சாப்பிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

நடந்தால் தையல் பிரியாது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். முதல் முறை மட்டும் சிஸ்டர் பக்கத்தில் இருக்கும்போது எழுந்திருங்கள், தலை சுற்றலாம். வலி மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். "பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிட்டேன்" என்று ரவுண்ட்ஸில் பெருமையாகச் சொல்கிறவர்தான் இருமவும் மாட்டார், நடக்கவும் மாட்டார்.

சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதால் கைகழுவிவிட்டோம் என்று அர்த்தமில்லை. காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல், ஒரு மணி நேரத்திலேயே நாப்கின் நனையும் ரத்தப்போக்கு, வயிறு உப்பி ஓயாத வாந்தி, சிறுநீர் வராமை: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் வாருங்கள். ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம் தூக்காதீர்கள். நடை வேறு, குடம் வேறு.

இதே வைத்தியத்தை முன்கூட்டியே உட்கார வைத்து விளக்கிய வீடுகளில், "மறுநாளே நடந்துட்டேன் டாக்டர்" என்று சிரித்துக்கொண்டு வருகிறார்கள். விளக்காத வீடுகளிலிருந்து இந்தப் படிவங்கள் வருகின்றன. இந்த மாமியாரிடம் நான் முன்பே பேசவில்லை. நோயாளியிடமும் கணவரிடமும் பேசினால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

அதனால் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க வரும்போது, ராத்திரி கூடத் தங்கப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கணவர் தாராளமாக வரட்டும். ஆனால் அந்த ஃபிளாஸ்க் யார் கையில் இருக்கப்போகிறதோ, அவரிடம் எனக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும்.