டிஜிட்டல் ஓவியத்துக்கு எத்தனை கோர் வேண்டும்?

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஏறி, "படம் வரையறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு நேராகக் கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் போகும். பட்ஜெட்டில் பாதி அங்கேயே கரையும். மிச்சத்தில் 8 ஜிபி ரேம், கைக்குக் கிடைத்த ஒரு மானிட்டர். கேம் விளையாட அது அருமையான மெஷின்தான். வரைகிறவருக்கு வேண்டியது வேறு. பேனா முனையில் தொடங்கும் ஒரே ஒரு கோடு கணினிக்குள் எங்கெங்கே போய்வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

புத்தக அட்டை வரையும் ஓவியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏ3 தாள் அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள், நாற்பது லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வரைதளங்கள்). தொழிலில் இருப்பவர்களுக்கு இது சாதாரண வேலை.

அவர் கையில் இருக்கும் பேனாவில் பேட்டரி கிடையாது. வேக்கம் நிறுவனம் பிரபலமாக்கிய மின்காந்த ஒத்ததிர்வு முறை அது. கணினியோடு இணைத்து வரையும் டேப்லெட் பலகையின் பரப்புக்கு அடியில் மெல்லிய கம்பிச்சுருள்கள் வரிசையாக ஓடுகின்றன. அவை எழுப்பும் அலையில் பேனாவுக்குள் இருக்கும் சிறு சுற்று அதிர்ந்து, ஒரு சைகையைத் திருப்பி அனுப்புகிறது. முனையை அழுத்தும்போது அந்தச் சைகை சற்று மாறும். அந்த மாற்றத்தைத்தான் 8192 படிகளாகப் பிரித்து "அழுத்தம்" என்று படிக்கிறார்கள். இடம், அழுத்தம், சாய்வு ஆகிய தகவல்கள் விநாடிக்கு 200 முறை அளவில் யூஎஸ்பி வழியே போகின்றன. ஒவ்வொரு முறையும் சில பைட்டுகள்தான். இதற்கு எந்தக் கணினியும் திணறாது.

திணறல் அடுத்த கட்டத்தில் வருகிறது. திரையில் நாம் பார்ப்பது கோடு போலத் தெரிந்தாலும், மென்பொருள் கோடு இழுப்பதில்லை, முத்திரை குத்துகிறது. பிரஷின் வடிவத்தை ஒன்றன்மேல் ஒன்றாக, நெருக்கமாகப் பதித்துக்கொண்டே போகிறது. பிரஷின் விட்டம் 1000 பிக்சல், இடைவெளி அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், ஏ3 தாளின் அகலமான 3508 பிக்சலைக் கடக்க சுமார் 35 முத்திரைகள் வேண்டும். ஒவ்வொன்றும் பத்து லட்சம் பிக்சல் கொண்ட சதுரம். ஒவ்வொரு பிக்சலிலும் பழைய வண்ணத்தையும் புதிய வண்ணத்தையும் கலந்து கணக்குப் போட வேண்டும். அதுவும் கை நகரும் அரை விநாடிக்குள். அதோடு முடியவில்லை, மாறிய பகுதியில் மற்ற லேயர்களையும் சேர்த்துக் கலந்தால்தான் திரையில் காட்ட முடியும். இடைவெளியைப் பத்து சதவீதத்திலிருந்து இரண்டு சதவீதமாகக் குறைத்தால் முத்திரைகளின் எண்ணிக்கை ஐந்து மடங்காகும். "எல்லா பிரஷும் நல்லா ஓடுது, இந்த ஒண்ணு மட்டும் லேக் ஆகுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இடைவெளி அமைப்பைத்தான். காசு செலவில்லாத வைத்தியம்.

சரி, பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் 'கோர்'கள் பல இருக்கின்றனவே, இவ்வளவு கணக்கையும் அவற்றுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாமே? சாதாரண பிரஷ் என்றால் ஓரளவு முடியும். 2018இல் வந்த கிரிட்டா 4.0 அதைத்தான் செய்தது. ஆனால் வண்ணத்தை இழுத்துக் குழைக்கும் ஸ்மட்ஜ் வகைப் பிரஷ்கள் சிக்கலானவை. ஒரு முத்திரை என்ன வண்ணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது முந்தைய முத்திரை என்ன விட்டுவைத்தது என்பதைப் பொறுத்தது. முந்தையது முடியாமல் அடுத்தது தொடங்காது. பெரிய கோலத்துக்கு நாலு பேர் சேர்ந்து வண்ணப்பொடி தூவலாம். சிக்குக் கோலத்தின் ஒற்றை இழையை நாலு பேர் சேர்ந்து இழுக்க முடியாது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஸ்மட்ஜ் பிரஷைப் பெரிதாக்கி, விடாமல் தேய்த்துக்கொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிரஷ் தடுமாறும், ஆனால் பிராசஸர் பயன்பாடு குறைவாகவே காட்டக்கூடும். 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழை) கொண்ட பிராசஸரில் ஒரே ஒரு திரெட் முழு மூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கில் அது வெறும் 8 சதவீதம்தானே. "பிராசஸர் சும்மாதானே இருக்கு" என்று நினைத்துவிடுவோம். உண்மையில் ஒருவன் மாடாய் உழைக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

அதனால் வரைகிறவர் பார்க்க வேண்டியது தனி ஒரு கோரின் வேகம். ஆறு கோர் உள்ள, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7600 பிராசஸரின் உச்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ். அதே குடும்பத்தில் பதினாறு கோர் உள்ள ரைசன் 9 7950எக்ஸின் உச்சம் 5.7. விலையில் இருக்கும் இடைவெளி எங்கே, வேகத்தில் இருக்கும் 12 சதவீதம் எங்கே! வீடியோ எடிட்டிங்கும் செய்கிறவர் பதினாறு கோருக்குப் போகலாம். வரைய மட்டும் என்றால், புதிய தலைமுறையைச் சேர்ந்த ஆறு அல்லது எட்டு கோர் தாராளம். பழைய தலைமுறையின் பெரிய பிராசஸரை விடப் புதிய தலைமுறையின் நடுத்தரப் பிராசஸரே இந்த வேலைக்கு நல்லது.

இங்கே மிச்சமாகும் பணம் ரேமுக்குப் போகட்டும். ஏ3 கேன்வாஸில் 1.74 கோடி பிக்சல் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என்று பிக்சலுக்கு நான்கு பைட். ஆக, முழுக்க நிரம்பிய ஒரு லேயர் சுமார் 70 எம்பி. நாற்பது லேயர் 2.8 ஜிபி. வண்ணச் சரிவுகள் பட்டை பட்டையாகத் தெரியக் கூடாது என்று ஒவ்வொரு வண்ணத்துக்கும் 8 பிட்டுக்குப் பதில் 16 பிட்டுக்கு மாறினால் 5.6 ஜிபி. நல்லவேளையாக, கிரிட்டா கேன்வாஸை 64-க்கு 64 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துவைத்து, வண்ணம் படாத கட்டங்களுக்கு இடம் ஒதுக்குவதில்லை. ஒரு மூலையில் மூக்குத்தி மட்டும் வரைந்த லேயர் 70 எம்பியைத் தின்னாது.

ஆனால் அன்டூ தின்னும். மேலே சொன்ன பெரிய பிரஷால் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால், திரும்பப் போவதற்காகப் பழைய வண்ணத்தைப் பத்திரப்படுத்தவே, சுருக்காமல் வைத்தால், 14 எம்பி வேண்டும். ஐம்பது இழுப்புக்கு 700 எம்பி. இதோடு விண்டோஸ், பிரவுசரில் திறந்து கிடக்கும் மாதிரிப் படங்கள். 16 ஜிபி கடைசி எல்லை, 32 இருந்தால் நிம்மதி. வாங்கும்போது ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான இரண்டு பாதைகளிலும் தரவு ஓடும். டிடிஆர்4 3200 ரேமில் விநாடிக்கு 25.6 ஜிபி என்பது 51.2 ஆகிறது.

ரேம் நிரம்பிவிட்டால் மென்பொருள் மிச்சத்தை டிஸ்கில் எழுதும். போட்டோஷாப்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாளரத்தின் அடியில் இருக்கும் தகவல் பட்டையில் 'எஃபிஷியன்சி' என்பதைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். 100 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், ரேம் போதாமல் டிஸ்கைத் தொட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் கீழே இருப்பது ஹார்ட் டிஸ்க் என்றால் விநாடிக்கு 150 எம்பி அளவில்தான் நகரும். சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி தொடும், என்விஎம்இ எஸ்எஸ்டி சில ஆயிரங்களைத் தாண்டும். எனவே மென்பொருளும் நடப்பு வேலையும் என்விஎம்இயில் இருக்கட்டும், முடிந்த படங்கள் ஹார்ட் டிஸ்கில் தூங்கட்டும்.

அப்படியானால் கிராபிக்ஸ் கார்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கேன்வாஸைப் பெரிதாக்குவது, சுழற்றுவது, திரையில் காட்டுவது எல்லாம் அதன் பொறுப்பு. போட்டோஷாப்பின் சில ஃபில்டர்களும் அதை நம்பி ஓடுகின்றன. ஐபேடில் ஓடும் புரோகிரியேட் என்ற ஓவியச் செயலி பிரஷையே அதில்தான் ஓட்டுகிறது. ஆனால் டெஸ்க்டாப்பில் கிரிட்டா, கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் வைத்து இருபரிமாண ஓவியம் வரைகிறவருக்குப் பிராசஸரோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸே பெரும்பாலும் போதும். ஒரு எச்சரிக்கை: இன்டெல் பிராசஸர் பெயரின் முடிவில் 'எஃப்' இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைகிறதே என்று அதை வாங்கினால் தனி கார்டும் வாங்கியே ஆக வேண்டும்.

பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணக் காட்சி அமைத்து ரெண்டர் செய்கிறவருக்கு, அதாவது அதை முழுப் படமாக மாற்றி எடுக்கிறவருக்கு, இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே கார்டுதான் ராஜா. அதிலும் கார்டின் சொந்த நினைவகம் முக்கியம். காட்சி அதற்குள் அடங்காவிட்டால் ரெண்டர் படுத்துவிடும், அல்லது பாதியில் நின்றுவிடும்.

கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி மானிட்டருக்குப் போவதுதான் நியாயம் என்பேன். ஐபிஎஸ் வகைத் திரை (பேனல்) கட்டாயம். மலிவான டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே தோல்நிறம் மாறும். விவரத்தாளில் "100% எஸ்ஆர்ஜிபி" அல்லது "72% என்டிஎஸ்சி" என்று இருக்கிறதா பாருங்கள். திரை எவ்வளவு வண்ணங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள் இவை. 45% என்டிஎஸ்சி என்றால் எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறுவது கடினம். அந்தத் திரையில் சிவப்பு மங்கலாகத் தெரிவதால் நீங்கள் கூட்டிவைப்பீர்கள். மற்றவர் போனில் அது கண்ணைக் குத்தும். முழு எச்டி திரை ஒரு நேரத்தில் காட்டுவது 20.7 லட்சம் பிக்சல், அதாவது நம் ஏ3 கேன்வாஸில் எட்டில் ஒரு பங்கு. 4கே திரை ஏறக்குறைய பாதியைக் காட்டும். விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பதும் கைக்குத் தெரியும். 60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிவிநாடி. பேனா, கணக்கு, திரை எல்லாம் சேர்ந்து 50 மில்லிவிநாடி தாமதம் என்றால், விநாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் நகரும் கைக்குக் கோடு ஒரு செ.மீ. பின்னால் வரும். திரையிலேயே வரையும் பென் டிஸ்ப்ளேயில் இந்த இடைவெளி நன்றாக உறுத்தும்.

மதர்போர்டில் ரேமுக்கு நான்கு துளை இருந்தால் பின்னால் உதவும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கேபினெட்டோடு இலவசமாக வருவதில் விட்டுவிடாதீர்கள். அப்புறம் யுபிஎஸ். பெரிய கிரிட்டா கோப்பைச் சேமிக்கும்போது லேயர்களை எல்லாம் சுருக்கி ஒரே கோப்பாகக் கட்ட வேண்டியிருப்பதால் உடனே முடிந்துவிடாது; அதற்குள் கரண்ட் போகலாம். எனவே யுபிஎஸ் வாங்கும்போது கேபினெட்டை மட்டும் கணக்கில் வைக்காமல், மானிட்டரையும் சேர்த்து ஐந்து நிமிடமாவது தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண டேப்லெட் யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடிவிடும். பென் டிஸ்ப்ளே வைத்திருப்பவர்கள் அதன் அடாப்டரையும் யுபிஎஸ்ஸிலேயே செருக வேண்டும்.