சாப்பாடு இலவசம்தான், படிவத்தையும் நிரப்புங்கள்

இந்தச் செப்டம்பரிலும் அதே கதை. ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பான இயர் 6 வரை ஒரு பென்னிகூடக் கட்டாமல் பள்ளியில் சாப்பிட்ட பையன், இடைநிலைப் பள்ளியில் இயர் 7-க்குப் போகிறான். முதல் வாரமே, உணவுக் கணக்கில் பணம் இல்லை என்று வீட்டுக்குக் குறுஞ்செய்தி. அம்மா நேரே எங்கள் ஆரம்பப் பள்ளி அலுவலகத்துக்கு வந்து நிற்கிறார். "இவ்வளவு காலமும் இலவசமாகத்தானே கொடுத்தீர்கள் அக்கா, இப்போது என்ன வந்தது?"

லண்டனில் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்பவள் நான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஒருமுறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

எல்லாருக்கும் கிடைக்கும் இலவசச் சாப்பாடு வேறு, வருமானம் குறைந்த குடும்பங்கள் இலவச உணவுக்குப் படிவம் நிரப்பிச் செய்யும் பதிவு வேறு. 2014 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்பான ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 பிள்ளைகள் அனைவருக்கும் மதிய உணவு இலவசம். லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து மேயர் தரும் நிதியில் இயர் 3 முதல் 6 வரைக்கும் இலவசம். இதற்கு உங்கள் சம்பளத்தை யாரும் கேட்பதில்லை. வங்கி மேலாளரின் மகளும் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்ப்பவரின் மகளும் ஒரே வரிசையில் தட்டை நீட்டுகிறார்கள். ஆகவே, மகள் இலவசமாகச் சாப்பிடுகிறாள் என்பதால் நீங்கள் பதிவு செய்துவிட்டதாக ஆகாது. ஆகவே ஆகாது. எல்லாருக்குமான அந்த இலவசம் இயர் 6-உடன் முடிந்துவிடும், அதன்பின் பொதுவாகப் பதிவுதான் சோறு போடும்.

பதிவு செய்தால்தான், வசதி குறைந்த பிள்ளைகளின் படிப்புக்கு அரசு தரும் பியூபில் பிரீமியம் என்ற நிதி பள்ளிக்கு வரும். 2011-இல் தொடங்கிய இந்த நிதி, 2025-26 நிதியாண்டில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு 1,515 பவுண்ட், இடைநிலைப் பள்ளியில் 1,075 பவுண்ட். ஒருமுறை கணக்கில் ஏறிய பிள்ளைக்கு, பிறகு குடும்ப வருமானம் கூடினாலும், அடுத்த ஆறு ஆண்டுகள் பணம் வரும். இந்தப் பணம் உங்கள் கைக்கு வராது, பள்ளிக்குத்தான். "அப்படியானால் எங்களுக்கு என்ன லாபம்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். காலையில் மணியடிக்கும் முன்பே, வாசிக்கத் திணறும் பிள்ளைகளை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் சொல்லித்தருகிறாரே உதவி ஆசிரியை, அவருடைய சம்பளம் இதிலிருந்துதான் வருகிறது. பதிவு குறைந்தால் முதலில் வெட்டப்படுவது அவருடைய மணிநேரம். அந்த மேசையில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இன்னொரு பதிலும் அடிக்கடி வரும். "அவள் பள்ளிச் சாப்பாட்டைத் தொடமாட்டாள், புட்டும் சம்பலும் கட்டிக் கொடுத்துவிடுகிறேன்." தாராளமாகக் கட்டிக் கொடுங்கள். பிள்ளை எதைச் சாப்பிடுகிறாள் என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. தகுதி இருக்கிறதா, விண்ணப்பித்தீர்களா, இவ்வளவுதான்.

வெட்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் பதிந்தால், எங்களுக்குத் தெரிவது தகுதி உண்டு அல்லது இல்லை என்ற பதில் மட்டும்தான். சம்பளம் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு என்பதெல்லாம் எங்கள் கண்ணில் படாது. கோயிலில் பார்க்கும் அதே முகத்திடம் படிவம் கொடுப்பதா என்று தயங்குகிறவர்கள் உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சிலின் இணையதளத்தில் நேரே விண்ணப்பிக்கலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

விசா பயம் வேறு. நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசின் பொது நிதி உதவி கிடையாது, என்று விசாவில் இருப்பதால் விண்ணப்பிக்கவே கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தவறு. பள்ளி உணவு அந்தப் பொது நிதிப் பட்டியலில் இல்லை. அத்தகைய குடும்பங்களுக்கும் வருமான, சேமிப்பு வரம்புக்கு உட்பட்டு இந்த உணவு உண்டு. அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்து அரசு உதவி பெறுகிறவர்களுக்கும் உண்டு. யாரோ சொன்னதை விட்டுவிட்டு எங்களைக் கேளுங்கள்.

வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் வாங்குகிறவர்களுக்கு வரம்பு, வரி போக வேலை வருமானம் ஆண்டுக்கு 7,400 பவுண்ட். உதவித்தொகை இதில் சேராது. "நாங்கள் வேலை செய்கிறோம், கிடைக்காது" என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். கடையில் ஷிப்ட் குறைந்தாலும், கணவன் மனைவி பிரிந்தாலும், மறுபடி விண்ணப்பியுங்கள். 2026 செப்டம்பரிலிருந்து யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லாக் குடும்பத்துக்கும் உணவு இலவசம் என்று அரசு அறிவித்திருக்கிறது. ஆனால் பியூபில் பிரீமியத்துக்குப் பழைய வரம்பேதான். அப்போதும் படிவத்துக்கு வேலை இருக்கிறது.

அக்டோபர் முதல் வியாழக்கிழமை பள்ளிக் கணக்கெடுப்பு. அன்றைக்குப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், மறுநாள் கொண்டுவந்தால் அடுத்த ஆண்டின் பணம் போனதுதான். இயர் 6 பிள்ளை வீட்டில் இருந்தால் கோடை விடுமுறைக்கு முன்பே வந்துவிடுங்கள். ஆங்கிலப் படிவம்தான் தடை என்றால் பத்து நிமிடம் ஒதுக்கி வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். மாலையில் பிள்ளைகளை அழைத்துப் போகும் நேரம் மட்டும் வேண்டாம், அப்போது எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.