புறத்துறிஞ்சல்: சொல்லும் பொருளும்

‘அட்சோர்ப்ஷன்’ என்பதற்கு இங்கே கொழும்பில் தமிழ்மொழி மூலம் இரசாயனவியல் படிப்பவர்கள் புறத்துறிஞ்சல் என்று எழுதுகிறார்கள். வெள்ளவத்தைப் பக்கம் ஒரு ரியூஷன் வகுப்பில் பொருள் கேட்டால், “உறிஞ்சுறது, சேர்” என்பதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். ஆனால் இந்தச் சொல்லுக்கு உயிரே முன்பாதிதான். புறம் என்பது அத்துச் சாரியை பெற்றுப் ‘புறத்து’ ஆகி, உறிஞ்சலோடு சேர்ந்திருக்கிறது. தேநீரில் தோய்த்த பாண் தேநீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். அது வெறும் உறிஞ்சல். புறத்துறிஞ்சலில் வாயு மூலக்கூறு திண்மத்தின் மேற்பரப்பில் ஒட்டி நிற்கும், உள்ளே போகாது.

கரி வாயுக்களைப் பிடித்துவைப்பதை சுவீடன் இரசாயனவியலாளர் ஷீலே 1773இலேயே கண்டிருந்தார். பெயர் வந்தது மிகவும் பிந்தித்தான். வெறும் உறிஞ்சலைக் குறிக்கும் ‘அப்சோர்ப்ஷன்’ என்ற பழைய சொல்லின் முன்னொட்டை மாற்றி, 1881இல் ஜெர்மன் பௌதிகவியலாளர் ஹைன்ரிக் கைசர் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இலத்தீனில் ‘அட்’ என்றால் நோக்கி, ‘சோர்பேரே’ என்றால் உறிஞ்சுதல். உறிஞ்சலும் புறத்துறிஞ்சலும் சேர்ந்து நடப்பதும் உண்டு. பலேடியத்தில் ஐதரசன் முதலில் மேற்பரப்பில் அணுக்களாகப் பிரிந்து அமர்கிறது, அப்புறம் உலோகத்துக்குள்ளேயே போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் இதைப் பரப்புக் கவர்ச்சி என்பார்கள். நடப்பதைச் சரியாகச் சொல்வது அதுதான். மேற்பரப்பு எதையும் உறிஞ்சுவதில்லை, கவர்ந்து பிடிக்கிறது. என்றாலும் புறத்துறிஞ்சி, புறத்துறிஞ்சப்பட்ட என்று வேண்டியபடி வளைந்துகொடுப்பதால், நான் நம்முடைய சொல்லையே வைத்துக்கொள்வேன்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். புறம் என்றதும் எங்கும் ஒரே மாதிரியான வழவழப்பான தளம் மனதில் வந்துவிடுகிறது. அமெரிக்க இரசாயனவியலாளர் லாங்மியூர் புறத்துறிஞ்சலுக்கு 1918இல் தந்த சமன்பாடும் எல்லா இடங்களும் ஒத்தவை என்றே எடுத்துக்கொண்டது. தாக்கத்தை வேகப்படுத்தும் ஊக்கியின் மேற்பரப்பில் எல்லா அணுக்களும் ஒரே அளவு வேலை செய்வதில்லை, சில இடங்களே உயிர்ப்பானவை என்று 1925இல் இரசாயனவியலாளர் ஹியூ டெய்லர் எழுதினார். பிளாற்றினத்தை எடுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் அணுவுக்கு 12 அயல் அணுக்கள். நெருக்கமாக அடுக்கப்பட்ட தட்டையான முகத்தில் 9. அந்த முகத்தில் ஓரணு உயரத்துக்கு ஒரு படி இருந்தால், அதன் விளிம்பில் நிற்கும் அணுவுக்கு 7. விளிம்பே உடைந்து திரும்பும் மூலையில் 6. அயலவர் குறையக் குறைய அந்த அணு வாயுவைப் பிடிக்கும் பலம் கூடுகிறது. இந்தப் படியும் மூலையும், அணு விடுபட்ட குழியும்தான் நாம் ‘குறைபாடு’ என்று எழுதுபவை. பளிங்கின் ஒழுங்கைப் பார்ப்பவருக்கு அது குறைபாடு. ஊக்கியைப் பார்ப்பவருக்கோ வேலை நடக்கும் இடமே பெரும்பாலும் அதுதான்.

இதற்கு உருதேனியம் என்ற உலோகத்தில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. நைதரசன் மூலக்கூறை உடைப்பதுதான் அமோனியாத் தயாரிப்பில் மிகக் கடினமான கட்டம். 1999இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றின்படி, ஏறக்குறைய 227 பாகை செல்சியஸில் (500 கெல்வின்) உருதேனியத்தின் படி விளிம்புகளில் அந்த உடைவு தட்டையான இடத்தைவிடக் குறைந்தது 100 கோடி மடங்கு வேகமாக நடக்கிறது. மேற்பரப்பில் ஒன்றிரண்டு சதவீதத்தை மூடும் அளவுக்கே பொன் இட்டார்கள். அது படிகளில் போய் உட்கார்ந்ததும் உடைவு ஏறக்குறைய நின்றுபோனது. மீதித் தளம் முழுவதும் வெறுமையாகத்தான் கிடந்தது.

சரி, ஒட்டிய வாயு திரும்பிப் போவதற்கு என்ன சொல்? ‘டிசோர்ப்ஷன்’ என்பதற்குப் பரப்பு நீக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். நீக்கம் என்றால் யாரோ அகற்றுவதுபோல இருக்கிறது. வெப்பம் போதிய அளவு கிடைத்ததும் மூலக்கூறு தானாகவே பிரிந்து போகிறது; அதனால் புறத்து விடுபடல் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பலமாகப் பிடிக்கும் இடத்திலிருந்து விடுபடக் கூடுதல் வெப்பம் வேண்டும். காபனோரொட்சைட்டு வாயு பிளாற்றினத்தின் தட்டையான இடங்களைவிடப் படிகளிலிருந்து பல பத்துப் பாகை உயர்ந்த வெப்பநிலையிலேயே விடுபடுகிறது.

காலையில் காலி வீதியில் கிளம்பும் காரின் புகைக்குழாயிலும் இதேதான். அதில் நச்சு வாயுக்களை மாற்றுவதற்கென்று உள்ள ஊக்கி மாற்றியில் பிளாற்றினமும் பலேடியமும் சில நானோமீற்றர் அளவான துகள்களாக இருக்கும். துகள் சிறிதாகச் சிறிதாக விளிம்பும் மூலையும் விகிதத்தில் கூடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காபனோரொட்சைட்டு அந்தத் துகள்களை மூடிக்கொண்டு ஒட்சிசனுக்கு இடம் விடாது. சூடேறி, அது போதிய அளவு புறத்து விடுபட்ட பிறகுதான் ஒட்சிசன் வந்து அமர்ந்து, காபனீரொட்சைட்டு உருவாகத் தொடங்கும்.