இணைய வேகம் இருந்தும் குரல் ஏன் உடைகிறது?

வீட்டு லேண்ட்லைனை இணையத்துக்கு மாற்றிய முதல் வாரம், நான் பேசுவது அம்மாவுக்கு வெட்டி வெட்டிக் கேட்டது. அவர் பேசுவதோ எனக்குத் தெளிவாக இருந்தது. அதுவும் இரவில்தான் இந்தத் தொல்லை. காரணம் இந்த இரண்டு விஷயங்களிலேயே இருந்தது, எனக்குத்தான் பிடிபட நாளானது.

முதலில் குரல் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். பழைய போனை இணையத்தோடு இணைக்கும் சின்னப் பெட்டிக்கு அடாப்டர் என்று பெயர். அது நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட் எண்ணாக்குகிறது. ஆக நொடிக்கு 64,000 பிட். இதை 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, மேலே முகவரி ஒட்டி அனுப்புகிறது. எல்லாம் சேர்ந்தும் 90 கிலோபிட்டைத் தாண்டாது. நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பு இருந்தால் போதும், நூறு பேர் ஒரே நேரத்தில் பேசலாம்!

அப்படியென்றால் சிக்கல் வேகத்தில் இல்லை, நேரத்தில். நொடிக்கு 50 பொட்டலம், சீராக வந்து சேர வேண்டும். தாமதமாக வந்த பொட்டலம் வராததற்குச் சமம், ஏனென்றால் அந்த அசை ஏற்கனவே கடந்துபோயிருக்கும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதைத் தாண்டப் போக, இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

எங்கள் வீட்டில் இரவு சார்ஜ் போட்ட செல்போன்கள் எல்லாம் அன்றைய படங்களையும் வீடியோக்களையும் இணையத்தில் இருக்கும் மேகக் கிடங்குக்கு (கிளவுட்) ஏற்றிக்கொண்டிருந்தன. வீட்டிலிருந்து வெளியே போகும் என் குரல் அந்த வரிசையின் கடைசியில் நின்றது. உள்ளே வரும் அம்மாவின் குரலுக்கு அந்த நெரிசல் இல்லை. ரவுட்டரில் அப்லோடு வேகத்தை உண்மையான அளவில் 85 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தி, அடாப்டருக்கு முன்னுரிமை கொடுத்தேன். அன்றிரவே சரியானது. ஆகவே ரவுட்டர் வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். விளம்பரத்தில் போடும் வேகத்தைவிட இதுதான் முக்கியம்.

அடாப்டரை வைஃபையில் விடாமல் வயரிலேயே இணையுங்கள். மணி அடித்தும் ஒருவர் குரல் மட்டும் கேட்கவில்லையா? ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' என்றொரு அமைப்பு இருக்கும். அழைப்புச் செய்திக்குள் இருக்கும் முகவரியைத் திருத்தி உதவ வந்தது அது, பல சமயம் குழப்பிவிடுகிறது. அணைத்துப் பாருங்கள். சுழற்றும் டயல் போன் வைத்திருப்பவர்கள், அடாப்டர் அதைப் புரிந்துகொள்ளுமா என்று வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும், பல புரிந்துகொள்வதில்லை. அப்புறம், சுவரில் இருக்கும் பழைய வயரிங்கில் அடாப்டரைச் செருகுவதானால், வெளியிலிருந்து வரும் எக்ஸ்சேஞ்ச் லைனை முதலில் கழற்றிவிடுங்கள். அதில் வரும் 48 வோல்ட் அடாப்டரைக் கெடுத்துவிடும்.

அந்த 48 வோல்ட்தான் கரண்ட் போன நேரத்திலும் பழைய போனைப் பேசவைத்தது. இப்போது ஃபைபர் பெட்டி, ரவுட்டர், அடாப்டர் மூன்றுக்கும் வீட்டு மின்சாரம் வேண்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை யோசிக்காமல் மாற்றவே கூடாது. ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் உண்டு. பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் பார்த்து வாங்குங்கள். மாட்டி முடித்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். டயல் டோன் கேட்க வேண்டும்.