டிஎன்ஏ சோதனைக்கு இலை அனுப்புமுன், இரத்தம் கொடுக்குமுன்

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண்ணில் மிளகாய் நட்டவருக்கு இலைச் சுருளல் புதிதல்ல. சுருண்டதைக் கண்டதும் கையில் இருக்கும் மருந்தை அடித்துவிடுகிறோம். அங்கேதான் காசு வீணாகிறது. இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி (இலைப்பேன்). கீழ்நோக்கி மடிந்தால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் மருந்து வேறு. நரம்பு தடித்துச் செடி குறுகி நின்றால் வெண் ஈ பரப்பும் வைரசாக இருக்கலாம். அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கி அழிக்கத்தான் வேண்டும்.

மூன்றும் கலந்து நிற்கும் தோட்டத்தில் கண் ஏமாறும். டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாக வாசிக்கும் சோதனை ஏமாறாது, மாதிரி சரியாக இருந்தால். இந்த வைரசின் மரபுப்பொருள் ஏறத்தாழ 2,700 எழுத்துகள் கொண்ட வட்டம் (மனிதருடையது 300 கோடி). அதை முழுதாக வாசித்தால் எந்த இன வைரசு என்பது தெரியும். ஓர் இனத்தைத் தாங்கும் மிளகாய் வர்க்கம் இன்னொன்றுக்கு விழுந்துவிடலாம் என்பதால் இது முக்கியம்.

காய்ந்த அடியிலை வேண்டாம். நுனியில் புதிதாகச் சுருளும் இளம் இலைகள் நாலைந்தைப் பறித்து, கடதாசியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளுடன் மூடி வையுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடித்து டிஎன்ஏ சிதையும். செடிக்கொரு பை. கையைத் துடைக்காமல் அடுத்த செடியைத் தொட்டால், நோயில்லாத செடிக்கும் நோய் என்று முடிவு வரலாம்.

மனிதருக்கான டிஎன்ஏ சோதனையிலும் பிழை மாதிரி எடுக்கும்போதுதான் தொடங்குகிறது. இரத்தம் ஊதா மூடிக் குழாயில் எடுக்கப்பட வேண்டும்; எடுத்தவுடன் 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் உறையும். பச்சை மூடிக் குழாயிலுள்ள ஹெப்பரின் என்ற உறையாமல் காக்கும் மருந்து, சோதனைக்காக டிஎன்ஏயைப் பெருக்கும் வேலையைத் தடுக்கும். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். என்புமச்சை மாற்றியவரின் இரத்தத்தில் கொடுத்தவரின் டிஎன்ஏதான் இருக்கும்.

மச்சான் மச்சாள் மணம் செய்த குடும்பங்களில் ஒரே மரபணுக் குறை இருவரிடமும் மறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கருவிலும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. ஆகவே பிள்ளையோடு தாய் தகப்பன் இரத்தத்தையும் சேர்த்தே அனுப்புவது நல்லது. எந்த மரபணு மாற்றம் யாரிடமிருந்து வந்தது என்று அப்போதுதான் பிரித்தறியலாம்.

அறிக்கையில் ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்’ என்றிருந்தால் அது நோயென்று பொருளில்லை. அதை மட்டும் வைத்துச் சத்திரசிகிச்சைக்கோ கலியாணப் பேச்சை முறிக்கவோ போகாதீர்கள். அறிக்கையைப் பத்திரப்படுத்தி, ஓரிரு வருடத்தில் அதே தரவை மறுபடி பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். இரத்தம் திரும்ப எடுக்க வேண்டி வராது.